ஸ்நார்க்கல் போட்டா ஆத்துல இறங்கலாமா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல டயர் பிரஷர் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல டயரைப் பத்தியே இல்ல. "ப்ரோ, தார் எடுத்திருக்கேன், ஸ்நார்க்கல் போடலாமா?" "ஜிம்னிக்கு ஸ்நார்க்கல் தேவையா?" "ஸ்நார்க்கல் போட்டா எவ்வளவு ஆழம் வரைக்கும் இறங்கலாம்?" சரி, இன்னிக்கு அதையே பேசிடலாம்.

ஸ்நார்க்கல்னா என்னன்னு ஒரு தடவை சொல்லிடறேன். பானெட் பக்கவாட்டுல கிளம்பி, முன் கண்ணாடி ஓரத்தை ஒட்டி ஏறி, கூரை உயரத்துக்குப் போகுமே, அந்தக் கறுப்புக் குழாய். ஃபோர்ஸ் கூர்க்காவுல கம்பெனியே மாட்டிக் கொடுக்குறாங்க. மத்த வண்டிக்கு வெளிய வாங்கி மாட்டணும். பாக்குறதுக்கு கெத்தா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா அந்தக் குழாய் எந்தப் பிரச்சினைக்குத் தீர்வுன்னு முதல்ல புரியணும். சாதா ஹேட்ச்பேக் வச்சிருக்கவங்க, "நமக்கு எதுக்கு ஆஃப்ரோடு கதை"ன்னு போயிடாதீங்க. தண்ணியில வண்டி ஓட்டணும்னா நம்ம ஊர்ல ஆஃப்ரோடு போக வேண்டியதே இல்ல. டிசம்பர் மாசம் வேளச்சேரி போனா போதும். (சிரிப்பு)

வண்டி எவ்வளவு மூச்சு விடுது?

ஒரு 2 லிட்டர் இன்ஜின் எடுத்துக்கோங்க. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், அதனால ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை இழுக்கும். 2000 ஆர்பிஎம்-ல ஓடுதுன்னா, நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2000 லிட்டர் காத்து. வினாடிக்கு 33 லிட்டர். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் இருக்குல்ல, ஒவ்வொரு வினாடியும் அதுல ஒன்றரை கேனுக்கு மேல காத்தை இன்ஜின் உறிஞ்சுது. டர்போ இருந்தா இன்னும் அதிகம்.

அப்போ காத்து உள்ள போற வாய் ஒரு வாக்குவம் கிளீனர் மாதிரி. முன்னாடி என்ன இருந்தாலும் இழுக்கும். காத்து இருந்தா காத்து, தண்ணி இருந்தா தண்ணி.

இந்த வாய் பெரும்பாலான வண்டிகள்ல கிரில்லுக்குப் பின்னாடி, இல்ல ஹெட்லைட் பக்கத்துல இருக்கும். சில கார்கள்ல இன்னும் கீழ, சக்கர வளைவு பக்கம் இருக்கும். இன்னிக்கே பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து வர்ற குழாய் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. அந்த இடம் தரையில இருந்து எவ்வளவு உயரம்னு டேப் வச்சு அளந்து போன்ல எழுதி வச்சுக்கோங்க. மழைக்காலத்துல உங்க காரைப் பத்தி நீங்க தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய முதல் நம்பர் அதுதான்.

மூணு மூடி தண்ணி

தண்ணி உள்ள போனா என்ன ஆகும்? இங்க நிறைய பேர் "நனைஞ்சா காஞ்சிடும்"னு நினைக்கிறாங்க. நனையறது பிரச்சினையே இல்ல. பிரச்சினை என்னன்னா, தண்ணியை அமுக்க முடியாது.

பிஸ்டன் மேல வரும்போது காத்தை அமுக்குது. காத்து அமுங்கும், ஸ்பிரிங் மாதிரி. டீசல் இன்ஜின்ல கம்ப்ரஷன் ரேஷியோ 16-க்கு 1 அப்படின்னு வச்சுக்குவோம். ஒரு சிலிண்டரோட அளவு 500 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேல மிச்சம் இருக்கிற இடம் எவ்வளவு தெரியுமா? 500-ஐ 15-ஆல வகுங்க. 33 மில்லி. இருமல் மருந்து பாட்டில் மேல ஒரு 10 மில்லி மூடி வரும் பாருங்க, அதுல மூணு மூடி. அவ்வளவுதான்.

அந்த மூணு மூடியைத் தாண்டி தண்ணி உள்ள இருந்தா, பிஸ்டன் மேல வர்றதுக்கு இடமே கிடையாது. ஆனா மத்த மூணு சிலிண்டரும், சுத்திக்கிட்டு இருக்கிற ஃப்ளைவீலும், ஓடுற வண்டியோட எடையும் சேர்ந்து அதை மேல தள்ளும். தண்ணி விட்டுக் கொடுக்காது. நடுவுல மாட்டுறது கனெக்டிங் ராடு. அது வளையும். வேகமா போயிட்டு இருந்தா உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே குத்திக்கிட்டு வெளிய வரும். இதுக்குப் பேர்தான் ஹைட்ரோலாக்.

பெட்ரோல் இன்ஜின்ல கம்ப்ரஷன் 10-க்கு 1-னா அதே கணக்குல 55 மில்லி வரும். கொஞ்சம் பரவாயில்ல. ஆனா அதுவும் அரை கிளாஸ் டீ கூட இல்ல.

இதுல மோசமான விஷயம் ஒண்ணு. ராடு லேசா மட்டும் வளைஞ்சா இன்ஜின் மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். கொஞ்சம் அதிர்வு, கொஞ்சம் சத்தம், அவ்வளவுதான். "தப்பிச்சோம்டா"ன்னு ஓட்டிட்டு இருப்போம். சில வாரம் கழிச்சு, தண்ணியே இல்லாத ஹைவேயில அது உடையும்.

குழாய் செய்யுற வேலை

ஸ்நார்க்கல் செய்யுறது ஒரே ஒரு வேலை. ஹெட்லைட் உயரத்துல இருக்கிற வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கிட்டுப் போகுது.

இந்தப் பேரே நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து வந்தது. நீர்மூழ்கி தண்ணிக்கு அடியில இருக்கும்போதே டீசல் இன்ஜினை ஓட்டறதுக்கு, மேல காத்து வர்ற மாதிரி ஒரு குழாய். இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடியே டச்சுக் கடற்படை அதை வச்சிருந்தாங்க. 1940-ல ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடிச்சப்போ அது ஜெர்மன்காரங்க கைக்குப் போச்சு. பேரும் ஜெர்மன்தான். 1944-ல நார்மண்டி கடற்கரையில இறங்கின ஜீப், லாரிகளுக்கும் காத்து போற குழாய், புகை வர்ற குழாய் ரெண்டையும் மேல தூக்கிக் கட்டித்தான் தண்ணியில இறக்கினாங்க.

ஆஸ்திரேலியாவுல பாலைவனப் பக்கம் ஓட்டுறவங்க இதைத் தூசிக்காகவும் போடுறாங்க. முன்னாடி போற வண்டி கிளப்புற புழுதி பானெட் உயரத்துலதான் அடர்த்தியா இருக்கும். கூரை உயரத்துல காத்து கொஞ்சம் சுத்தம். ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. உண்மையைச் சொல்லணும்னா, ஸ்நார்க்கல் வச்சிருக்கிற பல பேருக்கு வருஷத்துல 360 நாள் கிடைக்கிற பலன் இந்தத் தூசி விஷயம்தான்.

ஒட்டு எங்கயோ, வாய் அங்க

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். குழாயோட மேல் நுனி 6 அடி உயரத்துல இருக்கு. அதனால வண்டி 6 அடி தண்ணி வரைக்கும் மூச்சு விடுமா? விடாது. நுனியில இருந்து இன்ஜின் வரைக்கும் எத்தனை ஒட்டு இருக்குன்னு எண்ணுங்க. ஸ்நார்க்கல் உடம்புக்கும் ஃபெண்டர் ஓட்டைக்கும் நடுவுல ஒண்ணு. அங்கிருந்து ஏர்பாக்ஸுக்கு ஒண்ணு. ஏர்பாக்ஸ் மூடியோட ரப்பர். ஏர்பாக்ஸ்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸ். இதுல எந்த ஒட்டு கசியுதோ, உங்க வண்டியோட உண்மையான வாய் அந்த உயரத்துலதான் இருக்கு.

எல்லாரும் விட்டுடற இடம் ஒண்ணு இருக்கு. கம்பெனி ஏர்பாக்ஸோட அடியில பெரும்பாலும் சின்ன ஓட்டையோ, ரப்பர் வால்வோ இருக்கும். மழைத் தண்ணி கொஞ்சம் உள்ள வந்தா வடியறதுக்கு. மேல குழாயை மாட்டிட்டு அந்த ஓட்டையை அப்படியே விட்டா, தண்ணி அது வழியா ஜாலியா உள்ள வரும். அதை அடைக்கணும், இல்ல வெளிய மட்டும் விடுற ஒருவழி வால்வு போடணும்.

சோதனை எப்படி? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் செய்வார். வண்டியை ஐட்லிங்ல விட்டு, ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையால மூடுவார். இன்ஜின் திணறி நிக்கப் பாக்கணும். உடனே கையை எடுத்துடுவார். கை வச்சும் இன்ஜின் கூலா ஓடிட்டு இருந்தா, அது வேற எங்கிருந்தோ காத்து குடிக்குதுன்னு அர்த்தம். "காத்து குடிக்கிற இடத்துல தண்ணியும் குடிக்கும் தம்பி"ன்னு சொல்வார். நீங்களா வீட்டுல டர்போ டீசல்ல இதைப் பண்ணாதீங்க, உறிஞ்சுற வேகத்துல ஹோஸ் நசுங்கலாம். மாட்டிக் கொடுக்குற இடத்துலயே உங்க முன்னாடி பண்ணச் சொல்லுங்க. புகை விட்டுப் பாக்குற டெஸ்ட் வசதி இருந்தா அது இன்னும் நல்லது, கசியுற இடம் கண்ணுக்கே தெரியும்.

மூக்கு மட்டும் போதுமா?

வண்டியில ஓட்டை ஒண்ணு ரெண்டு இல்ல. டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் ப்ரீதர்னு ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். ஓடி ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் சடார்னு குளிர்ந்த தண்ணியில இறங்கினா, உள்ள இருக்கிற காத்து சுருங்கும். அந்த வெற்றிடம் துளை வழியா, ஆயில் சீல் வழியா தண்ணியை உள்ள இழுக்கும். அடுத்த தடவை ஆயிலைத் திறந்தா பால் காபி மாதிரி இருக்கும். அதனால ஸ்நார்க்கல் போடுறவங்க ப்ரீதர் ஹோஸையும் மேல தூக்கிக் கட்டணும். இது செலவு ரொம்பக் கம்மி. ஆனா போட்டோவுல தெரியாது, அதான் யாரும் செய்யறதில்ல.

ரேடியேட்டர் ஃபேன் இன்னொண்ணு. சுத்திட்டு இருக்கிற இறக்கை தண்ணியில பட்டா வளைஞ்சு ரேடியேட்டரையே கிழிக்கலாம். அப்புறம் ஆல்டர்னேட்டர், வயரிங், ஈசியூ. இது எதையும் ஸ்நார்க்கல் காப்பாத்தாது.

அதனாலதான் கம்பெனி ஒரு நம்பர் கொடுக்குது. வாட்டர் வேடிங் டெப்த். கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர். தாருக்கு 650. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனோட 900. இதெல்லாம் மெதுவா போனா மட்டும்தான். அதே தண்ணியில 40 கிலோமீட்டர் வேகத்துல பாஞ்சா, முன்னாடி எழும்புற அலை பானெட் மேல ஏறிடும். தாருக்கு ஸ்நார்க்கல் மாட்டினா 650 நம்பர் மாறாது. அந்த 650-க்குள்ள போகும்போது ஒரு அலையோ ஒரு பள்ளமோ வந்தா இன்ஜின் தப்பிக்கும். ஸ்நார்க்கலை அந்த ஓரக் கையிருப்பா மட்டும்தான் எடுத்துக்கணும்.

மிதக்கிற கணக்கு

நான் இந்த எபிசோடு பண்ணணும்னு நினைச்சதே இந்தப் பகுதிக்காகத்தான். கொஞ்சம் கவனமா கேளுங்க.

ஒரு எஸ்யூவி 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம். தரைப்பரப்பு கிட்டத்தட்ட 7 சதுர மீட்டர். தண்ணி வண்டியோட அடித்தட்டைத் தாண்டி 10 சென்டிமீட்டர் ஏறினா, 700 லிட்டர் தண்ணியை வண்டி ஒதுக்குது. ஆர்க்கிமிடீஸ் ஸ்கூல்ல சொன்னதுதான்: 700 கிலோ மேல் நோக்கித் தூக்குது. வண்டி எடை 1700 கிலோ. அடித்தட்டுக்கு மேல 25 சென்டிமீட்டர் ஏறினா, கதவெல்லாம் மூடியிருந்தா, கணக்குப்படி வண்டி மிதக்கணும். மிதக்கிறதுக்கு முன்னாடியே டயருக்குப் பிடிப்பு போயிடும். நாலு சக்கரமும் சுத்தும், ஆனா தரையில அழுத்த எடை இல்ல. பக்கவாட்டுல ஓடுற தண்ணி ஒரு தள்ளு தள்ளினா முடிஞ்சுது.

அமெரிக்க தேசிய வானிலை சேவை வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்ற எச்சரிக்கை இது: ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே பெரும்பாலான கார்களை அடிச்சுட்டுப் போகலாம், ரெண்டு அடி இருந்தா எஸ்யூவியையும் லாரியையும் கூட. ஆஸ்திரேலியாவுல காஹில்ஸ் கிராசிங்னு ஒரு இடம், ஈஸ்ட் அலிகேட்டர் ஆத்துக்குக் குறுக்க. அங்க நல்லா ஸ்நார்க்கல் மாட்டின, எல்லா வசதியும் உள்ள வண்டிகளே அடிச்சுட்டுப் போயிருக்கு. அந்த ஆத்துல முதலை வேற.

ஸ்நார்க்கல் வச்ச வண்டியில, இன்ஜின் கடைசி வரைக்கும் நல்லா ஓடிட்டே இருக்கும். வண்டி மட்டும் ஆத்தோட போயிட்டு இருக்கும்.

போன வருஷம் மணாலி–லே ரோட்டுல ஒரு நாலாகிட்ட நின்னுட்டு இருந்தோம். சாயந்திரம் 4 மணி. பனி உருகித் தண்ணி ரோட்டுக்குக் குறுக்க ஓடுது. எங்க முன்னாடி ஸ்நார்க்கல், வின்ச், ரூஃப் லைட் எல்லாம் போட்ட ஒரு வண்டி. அதுல இருந்த பசங்க இறங்கலாமா வேணாமான்னு பேசிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஒரு ஹிமாச்சல் லாரி டிரைவர் ஓரம் கட்டிட்டு டீ போட ஆரம்பிச்சுட்டார். கேட்டா, "காலையில தண்ணி இறங்கிடும், இப்போ என்ன அவசரம்"னு சொன்னார். பகல் வெயில்ல பனி உருகும், சாயந்திரம் தண்ணி ஏறும், ராத்திரி குளிர்ல உருகறது குறையும், விடியக்காலை தண்ணி குறைவா இருக்கும். அந்த ரோட்டுல ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அந்தப் பசங்களும் டீ குடிச்சாங்க, நாங்களும் குடிச்சோம். காலையில 6 மணிக்கு முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. எல்லா வண்டியும் கடந்துச்சு, எங்களோட சாதா வாடகை வண்டி உட்பட.

அந்த லாரியில ஸ்நார்க்கல் கிடையாது.

இறங்கித்தான் ஆகணும்னா

முதல்ல நடந்து பாருங்க. கையில குச்சி வச்சுக்கோங்க. நடந்து போக பயமா இருக்கிற தண்ணியில வண்டியை இறக்காதீங்க. எதிர்க்கரையில ஏறுற இடம் எப்படி இருக்குன்னும் பாருங்க, நிறைய பேர் மாட்டுறது அங்கதான்.

ஏசியை ஆஃப் பண்ணுங்க. ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. நடுத்தண்ணியில வண்டி தானா நின்னு தானா ஸ்டார்ட் ஆகறது நமக்கு வேணாம். ஜன்னலைத் திறந்து வைங்க, வெளிய வர வழி வேணும். டோ பண்ற பட்டையை இறங்கறதுக்கு முன்னாடியே கொக்கியில மாட்டிடுங்க. முங்கின கொக்கியைத் தேடறது கொடுமை.

லோ ரேஞ்ச், முதல் இல்ல ரெண்டாவது கியர். நடக்கிற வேகம். முன்னாடி ஒரு சின்ன அலை உருவாகும், அதுக்குப் பின்னாடி தண்ணி கொஞ்சம் தாழ்வா இருக்கும். அந்த அலையைத் தாண்டாம, அதே வேகத்துல போங்க. நடுவுல கியர் மாத்தாதீங்க, கிளட்ச் மிதிக்காதீங்க. வெளிய வந்ததும் பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா அழுத்திக் காய வைங்க.

நின்னு போச்சா? சாவியைத் தொடாதீங்க

தண்ணியில வண்டி நின்னா நம்ம கை தானா சாவிக்குப் போகும். போக விடாதீங்க. நின்ன இன்ஜினுக்குள்ள தண்ணி இருந்தா, ராடை வளைக்க ஸ்டார்ட்டர் மோட்டாரே போதும். தள்ளி ஸ்டார்ட் பண்றதும் வேணாம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ஒரே மாடல் கார் ரெண்டு முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் ஒரு வீட்டு அங்கிள் "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்"னு சாவியைத் திருப்பினார். டொக்னு ஒரு சத்தம். இன்னொரு வீட்டு அக்கா பேட்டரி வயரைக் கழட்டிட்டு டோ வண்டிக்கு மூணு நாள் காத்திருந்தாங்க. அவங்க கார்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, இன்ஜினைக் கையால சுத்தித் தண்ணியை வெளிய எடுத்து, ஆயில், ஃபில்டர் மாத்தி, வயரிங் காய வச்சு ஓட்டிட்டு இருக்காங்க. அங்கிளோட காருக்கு இன்ஜினை முழுசா பிரிக்க வேண்டி வந்துச்சு.

இன்சூரன்ஸ்லயும் இதே கதைதான். சாதாரண முழு பாலிசி வெள்ளச் சேதத்தைக் கவர் பண்ணும். ஆனா தண்ணி புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, "அது பின்விளைவு, வெள்ளச் சேதம் இல்ல"ன்னு சொல்ல இடம் இருக்கு. அதுக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட்னு தனியா ஒரு ஆட்-ஆன் விக்கிறாங்க. மழைக்கு முன்னாடி உங்க பாலிசியில அது இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இல்லாட்டி நம்ம வேளச்சேரி மக்கள் மாதிரி மேம்பாலத்துல கொண்டு போய் நிறுத்துங்க. எல்லாரும் மீம் போட்டுச் சிரிச்சாங்க, ஆனா அந்த ஐடியா எந்த ஸ்நார்க்கலையும் விட உசத்தி.

சரி, போடலாமா?

வருஷத்துல பல தடவை ஆறு, ஓடை கடக்கிறீங்க, இல்ல புழுதியில கூட்டமா ஓட்டுறீங்கன்னா, நல்ல ஸ்நார்க்கல் போடுங்க. ஒட்டெல்லாம் சோதிச்சு, ப்ரீதரையும் தூக்கி. ஆனா ஃபெண்டர்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட வாரண்டியும், ஆர்டிஓ-ல சட்டமும் கேட்டுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதைக் கட்டுப்படுத்துது, 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க.

ஓஎம்ஆர்ல ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டின்னா, அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்க. போன எபிசோடுல சொன்னேன்ல. (சிரிப்பு)

ஏர் இன்டேக் உயரத்தை அளந்தவங்க வண்டி மாடலோட அந்த நம்பரை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோடுல எல்லாத்தையும் வரிசையா படிக்கிறேன். மழைக்கு முன்னாடி நம்ம எல்லாருக்கும் உதவும். அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.